மாமா அடித்து வைத்த காற்று

நான் இப்போது இருக்கும் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஆளில்லாத நெடுஞ்சாலையில் எதிரே ஒரு வண்டி வந்தால், அதை ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் ஓர் அங்குலம் தூக்குவார். சிரிப்பு கிடையாது, ஹாரன் கிடையாது. விரல் இறங்குவதற்குள் வண்டி கடந்து போயிருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், இரும்புத் தாது வெட்டும் சுரங்கத்தை ஒட்டிய சின்ன ஊர் இது. வந்த புதிதில் முதல் முறை ஒருவர் அப்படி விரலைத் தூக்கியதும் நான் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, நான்கு கதவுகளையும் இழுத்துப் பார்த்தேன். கதவிடுக்கில் சேலைத் தலைப்பு ஏதும் மாட்டித் தொங்குகிறதா என்றும் சுற்றிவந்து தேடினேன். என் மனைவி மலர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் விரலைத் தூக்கியதும், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று முடிவுகட்டி நாற்பது கிலோமீட்டர் தூரத்தை நாற்பது வேகத்திலேயே ஓட்டினேன். போலீஸ் வரவில்லை. ஒரு கங்காரு வந்தது. அது எதையும் தூக்கவில்லை.

மறுநாள் வேலையிடத்தில் ஒருவரிடம் கேட்டேன், எதற்காக விரலைக் காட்டுகிறார்கள் என்று. "நீ இருப்பதைப் பார்த்துவிட்டேன் என்று சொல்கிறார்கள்" என்றார். "சரி, பிறகு?" என்றேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "பிறகு என்ன? போய்விடுவார்கள்" என்றார்.

எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. பார்த்தோமா, போனோமா என்று ஓர் உறவு. போன முறை லீவில் ஊருக்கு வந்தபோது இந்த விரலும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. ஆலங்குடி ரோட்டில் இரண்டு வாழைத்தாரை மொபெட்டில் கட்டிக்கொண்டு எதிரே வந்த பெரியவர் ஒருவருக்குப் பழக்க தோஷத்தில் விரலைத் தூக்கிவிட்டேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு துரத்தி வந்து என்னை மறித்தார்.

"யாருப்பா நீயி? எதுக்கு வெரலக் காட்டுற?"

"வணக்கம் சொன்னேங்க."

"வணக்கம்னா ரெண்டு கையையும் எடுக்க வேண்டியதுதானே? ஒத்த வெரல்ல என்னா சிக்கனம்?"

அதோடு விட்டாரா? எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, பெண் எடுத்தது எங்கே என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் என் மாமனாரின் பெயரைப் பிடித்துவிட்டார். "அட, நம்ம டிரைவர் மருமகனா!" என்று ஒரு சீப்பு வாழைக்காயைப் பிய்த்து என் மடியில் வைத்துவிட்டுத்தான் போனார். ஓர் அங்குலம் விரல் தூக்கியதற்குக் கால் மணி நேரம்.

நான் கறம்பக்குடி பக்கத்துக்காரன். மலருக்குக் கீரமங்கலத்தை ஒட்டிய கிராமம். என் வீட்டில் இப்போது யாரும் இல்லாததால் லீவில் வந்தால் மாமனார் வீட்டில்தான் இருப்பு. சுரங்கத்தில் நான் டயர் ஃபிட்டர். மண் அள்ளும் ராட்சத லாரிகளின் டயரைக் கழற்றுவது, மாட்டுவது, காற்றுப் பார்ப்பது. ஒரு டயர் இரண்டு ஆள் உயரம் இருக்கும். என்னை வைத்து அளந்தால் இரண்டேகால். ஊரில் எல்லோரும் என்னை இன்ஜினீயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுத்துச் சொல்லி அவர்கள் மனதைப் புண்படுத்தியதில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் மாமா. முப்பது வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். நான் டயர் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவருக்கு என் மேல் மரியாதை கூடிவிட்டது. "இன்ஜின் போனா வண்டி நிக்கும், அவ்வளவுதான். டயரு போனா ஆளே போயிருவான். நீங்க பாக்குறதுதான் மாப்ள வேல" என்றார்.

அந்த மாமாவிடம்தான் ஒரு விஷயத்தை நான் மறைத்து வைத்திருந்தேன்.

போன வருடம் நானும் மலரும் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிக்கொண்டோம். எங்கள் ஊர் கவுன்சில் மண்டபத்தில் பதினொரு பேரை வரிசையாக நிற்க வைத்து உறுதிமொழி சொல்லச் சொன்னார்கள். கேக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு செடியும் கொடுத்தார்கள். மலர் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து செல்ஃபி எடுத்தாள். எங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டுகளை அனுப்பிவைத்தோம். ரத்து முத்திரை குத்தி, மூலையைக் கத்தரித்துத் திருப்பி அனுப்பினார்கள். காது அறுத்த ஆட்டுக்குட்டிபோல அவை இரண்டும் இப்போது பீரோவில் கிடக்கின்றன.

பதினொரு வருடத்துக்கு முன் திருச்சி விமான நிலையத்தில் நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சே வருசம் மாமா, வந்துருவோம்" என்று சொன்னேன். அழுகிறவரைத் தேற்ற ஏதாவது சொல்ல வேண்டுமே. அவர் அதை பஸ் நேரம்போல எடுத்துக்கொண்டார். வண்டி லேட்டாகலாம், வராமல் போகாது. வந்து இறங்குகிறவர்களுக்கு இடம் வேண்டும் என்று வீட்டுக்கு மேலே மாடி எழுப்ப ஆரம்பித்தார். போன முறை நாங்கள் வந்தபோது சுவர் பூசி முடிந்து, ஜன்னல் வைத்து, குளியலறைத் தரை மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு ஓடு தேர்ந்தெடுக்க வேண்டியது நான். கடையிலிருந்து மாதிரிக்கு இரண்டு டைல்ஸ் வாங்கி வைத்திருந்தார். ஒன்று நீலம், இன்னொன்று சந்தனக் கலர். காலையில் பல் துலக்கும்போது காட்டுவார். இட்லியில் கை வைக்கும்போது காட்டுவார். "ஒங்க கண்ணுக்கு எது குளுமையா இருக்கு, சொல்லுங்க மாப்ள" என்பார். நான் நீலத்தைப் பார்த்து ஆகா என்பேன், சந்தனத்தைப் பார்த்து அடடா என்பேன். எதையும் சொல்ல மாட்டேன். சொன்னால் தரை முடிந்துவிடும். தரை முடிந்தால் நாங்கள் குடிவர வேண்டும்.

"உங்க அப்பாதானே, நீயே சொல்லேன்" என்று மலரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"ஃபாரத்துல மொதக் கையெழுத்து யாரு போட்டது?" என்றாள். "நான் உங்களுக்குக் கீழதான் போட்டேன்."

சொல்வதற்கு எனக்குத் தேவைப்பட்டது பத்து நிமிடத் தனிமை. சுரங்க ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமே இல்லை. சனிக்கிழமை முழுவதும் பேச ஆளில்லாமல் ஃபிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இங்கேயோ மாமாவைத் தென்னந்தோப்புக்குத் தள்ளிக்கொண்டு போய், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தி, தொண்டையைச் செருமினால், "அங்கிட்டு யாரு, டிரைவர் மாமாவா?" என்று வரப்பிலிருந்து ஒரு குரல் வரும். குளியலறைக்குள் ஒத்திகை பார்த்தால், "தண்ணி வருதா மாப்ள?" என்று கதவுக்கு வெளியே கேட்பார்கள். மூன்று வாரம் இப்படியே போனது. இரண்டு நாளில் எங்களுக்கு விமானம். மறுநாள் கொத்தனார் வருகிறார் என்று மாமா சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மாமாவின் பழைய ஆசை ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருடம் அவர் மணமேல்குடி என்று போர்டு மாட்டிய பஸ்ஸை ஓட்டியவர். பஸ் ஸ்டாண்டில் டீயைக் குடித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். அதற்கு அப்பால், மணல் மூக்கு நீட்டிக் கடலுக்குள் போகும் கோடியை அவர் பார்த்ததே இல்லை. "போர்டுல இருக்குற ஊர முழுசா பாக்காமலே ரிட்டயர் ஆயிட்டேன்" என்று எப்போதாவது சொல்வார். நான் திருச்சியிலிருந்து ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வாடகைக்கு எடுத்து வந்து வாசலில் நிறுத்தினேன். நானும் மாமாவும் மட்டும். அறுபது கிலோமீட்டர்தான் இருக்கும். ஒன்றரை மணி நேரம். வண்டிக்குள் இருந்து அவரும் எங்கேயும் போக முடியாது, நானும் ஓட முடியாது. நாற்பதாவது கிலோமீட்டரில் சொல்லிவிடுவது என்று திட்டம். மாமா புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஏறினார். கையில் துணிப்பை. உள்ளே இரண்டு டைல்ஸ்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஏழே காலுக்கு முதல் காப்பி.

அந்த வழித்தடத்தில் மாமாவைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை என்பதை நான் யோசிக்கத் தவறிவிட்டேன். அதோடு, சொந்தக்காரர் வீட்டு வாசலைத் தாண்டி நிற்காமல் போவதைப்போல ஒரு குற்றம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பஸ்ஸில் போகும்போது மன்னிப்பு உண்டு. சொந்த வண்டியில் போனால் இல்லை. ஜீப்பின் உயரம் வேறு எங்களைக் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மாமா ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "மாப்ளைக்கு நம்ம கறம்பக்குடி பக்கந்தான். வேலைக்குத்தான் அங்கிட்டு இருக்காங்க." அதைச் சொல்லும்போது என் தோளில் கை வைத்துக்கொள்வார். நான் அந்தக் கையின் கீழ் நின்று சிரிப்பேன். அறந்தாங்கி வருவதற்குள் ஐந்து காப்பி, ஒரு பாயாசம். மணி பதினொன்றரை.

அறந்தாங்கிக் கடைவீதியில், கையில் கூடையோடு நின்ற ஓர் அம்மாள் ரோட்டுக்கு நடுவே வந்து ஜீப்பை மறித்தார். வள்ளி சின்னம்மா. மாமாவின் தங்கை. மணமேல்குடியில் கட்டிக்கொடுத்தவர்.

"ஏண்ணே, எங்க ஊருக்குப் போறீங்க, என்னைய விட்டுட்டுப் போயிருவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பின் சீட்டில் ஏறினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, எளச்சுப் போயிட்டீங்க. அங்கிட்டு சோறு கெடைக்குமா, கெடைக்காதா?"

"கெடைக்கும் சின்னம்மா."

"பின்ன ஏன் ஒடம்பு வைக்கல? மலரு சமைக்கிறாளா, படுத்தே கெடக்குறாளா?"

வழியில் இன்னும் இரண்டு வீடு, இரண்டு காப்பி. நாற்பதாவது கிலோமீட்டர் வந்தது. சின்னம்மா தன் முட்டி வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அது கடந்து போனது. ஐம்பதாவது வந்தது. மாமா பையைத் திறந்து டைல்ஸை எடுத்துப் பின்னால் நீட்டினார். "நீ சொல்லு வள்ளி, மாப்ள வெக்கப்படுறாரு." சின்னம்மா நீலம் என்றார். பிறகு நீலம் சீக்கிரம் அழுக்குக் காட்டும் என்றார். என் நெஞ்சில் உப்பிக்கொண்டிருந்த வாக்கியம் ஏழு காப்பிக்கு அடியில் போய் அமுங்கியது.

ஆஸ்திரேலியாவில் இதற்கு முந்தைய ஜூலையில் நாங்கள் இதேபோல ஒரு கடற்கரைக்குப் போயிருந்தோம். ஒரு முனையில் தனியாக நிற்கும் கலங்கரை விளக்கம். நான், மலர், அங்கேயே பிறந்த எங்கள் எட்டு வயது மகள். ஒன்பது மணி நேரப் பயணத்தில் எதிரே வந்த வண்டிகள் பதினேழு. பதினேழு விரல்கள். ஒருவரும் காப்பி குடிக்கக் கூப்பிடவில்லை. தார் முடிந்து மணல் ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தியபோது, பக்கத்தில் நின்ற ஒரு தாடிக்காரர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்தார். டயரைக் காலால் எத்தினார். குந்தி உட்கார்ந்து வால்வு மூடியைக் கழற்றி, காற்றைத் திறந்துவிட ஆரம்பித்தார்.

"ஏங்க, காத்தப் புடுங்குறான். என்னன்னு கேளுங்க!" என்றாள் மலர்.

நம் ஊரில் ஒருவர் வண்டியில் இன்னொருவர் காற்றைப் பிடுங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேண்டாதவன், அல்லது போலீஸ். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கி, "நான் ஏதாவது தப்பு செய்தேனா?" என்று கேட்டேன். அவர், "ரொம்ப ஹார்ட், மேட்" என்றார். வாழ்க்கை எனக்கு ரொம்பக் கஷ்டம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "எனக்கும்தான்" என்றேன். பிறகுதான் விளக்கினார். மணலில் போக டயரில் பாதிக் காற்றுதான் இருக்க வேண்டும், டயர் தட்டையாகப் பரந்தால்தான் மணலுக்கு மேலே மிதக்கும் என்று. டயர் ஃபிட்டருக்கு டயர் பாடம். என் யூனிஃபார்ம் வீட்டில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. மணமேல்குடியில் சின்னம்மா வீடு ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. அதைத் தாண்டினால் கருவைக் காடு, பிறகு மணல். "நீங்க உள்ள போங்க மாமா, வாரேன்" என்று சொல்லிவிட்டு, நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினேன். உள்ளே போனேன். மாட்டிக்கொண்டேன். இலை போட்டார்கள். மீன் குழம்பு, நண்டு வறுவல். ஒரு பக்கம் சின்னம்மா, இன்னொரு பக்கம் அவர் மருமகள். எழுந்திருக்க முயன்றபோதெல்லாம் இலையில் எதையாவது வைத்தார்கள். மாமா எனக்கு முன்னே சாப்பிட்டு எழுந்து வெளியே போனார். வெற்றிலை போடப் போகிறார் என்று நினைத்தேன். ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டதும், நிழலில் நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். பழைய டிரைவர், வெயிலில் வண்டி நிற்பது பொறுக்காது.

மூன்று மணிக்கு, ஒருவழியாக நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். கருவைக் காடு முடிந்து மணல் விரிந்தது. ஃபோர் வீலைப் போட்டேன். "பாருங்க மாமா, இது மெதந்து போகும்" என்றேன். இருநூறு அடி மிதந்தது. அப்புறம் பின்சக்கரங்கள் இரண்டும், இலையில் உட்கார்ந்த என்னைப்போல, அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போயின. இறங்கிப் பார்த்தேன். டயரில் கை வைத்தேன். கல்போல இருந்தது. நான்கும்.

"காத்து நல்லாத்தானே இருக்கு மாப்ள?" என்றார் மாமா. குரலில் லேசான பெருமை. "சாப்புட்டு வெளிய வந்து பாத்தா நாலு டயரும் பாதியா கெடந்துச்சு. எவனோ வேண்டாதவன் புடுங்கிட்டான். வள்ளி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வேலித் தகராறு இருக்கு. நீங்க கேட்டா சண்டையாயிரும், நல்ல நாளும் அதுவுமான்னு சத்தமில்லாம பஞ்சர் கடைக்குப் போயி முப்பத்தஞ்சு அடிச்சு வச்சுட்டேன். இந்தா இருக்குற கோடிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஒங்களுக்கு இது தெரியவே வேணாம்னு பாத்தேன்."

சுரங்கத்தில் இதை ஓர் ஆள் செய்திருந்தால் அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு எனக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். மாமனாரிடம் என்ன சொல்வது என்பதற்குப் பயிற்சி இல்லை. "அப்படிங்களா மாமா" என்றேன். குந்தி உட்கார்ந்து, வால்வு மூடியைக் கழற்றி, ஒரு குச்சியை வைத்து அழுத்தினேன்.

"ஏங்க எறக்குறீங்க?"

"மணலுக்கு மாமா. பாதிக் காத்துதான் இருக்கணும்."

அவர் முப்பது வருடம் டயரைத் தட்டித் தட்டிப் பார்த்து வண்டி எடுத்தவர். விளங்கிவிட்டது.

"அப்ப, அங்க எறக்குனதும் நீங்கதானா?"

"ஆமா மாமா."

"சொல்லியிருக்கலாமுல்ல மாப்ள" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

சுற்றிலும் பார்த்தேன். வெள்ளை மணல். அலையே இல்லாத கடல், தட்டில் ஊற்றி வைத்ததுபோல. வரப்பில் குரல் இல்லை, காப்பி இல்லை, சின்னம்மா இல்லை. வண்டி நகராது. மூன்று வாரமாக நான் தேடிய பத்து நிமிடம் என்னைப் பிடித்து மணலில் புதைத்து வைத்திருந்தது.

"சொல்ல வேண்டியது இன்னொண்ணும் இருக்கு மாமா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டயரைப் பார்த்துச் சொன்னேன். "போன வருசம் நாங்க ரெண்டு பேரும் அந்த ஊரு சிட்டிசன் ஆயிட்டோம்."

டயர் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது.

"என்னங்க? காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

குச்சியை எடுத்தேன். சத்தம் நின்றது. இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது.

மாமா பானட்டில் கை ஊன்றிக்கொண்டார். "அப்ப இந்தப் பாஸ்போட்டு?"

"திருப்பிக் குடுத்துட்டோம்."

"மலருமா?"

"ஆமா மாமா."

"இங்கிட்டு ஓட்டு?"

"கெடையாது."

"ஊருக்கு வரணும்னா?"

"அதுக்கு ஒரு கார்டு குடுத்திருக்காங்க மாமா. ஆயுசு பூரா எப்ப வேணாலும் வந்து போகலாம்."

"வந்து போகலாம்" என்றார் மாமா. அந்தக் கார்டில் எத்தனையோ வரிகள் அச்சடித்திருக்கிறார்கள். அதன் முழு அர்த்தத்தையும் அவர் ஒருவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார்.

நான் மீதி மூன்று டயருக்கும் காற்றை இறக்கிக்கொண்டே போனேன். ஒவ்வொரு சக்கரமாக, அவரை நெருங்காமல், வண்டியைச் சுற்றினேன். அவர் முன்கதவைத் திறந்து துணிப்பையை எடுத்தார். எந்தக் கலர் என்று இப்போதும் கேட்கப்போகிறாரோ என்று பயந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டி மண்டியிட்டார். வலது பின்சக்கரத்துக்கு அடியில் மணலைக் கையால் தோண்டி நீல டைல்ஸைச் செருகினார். எழுந்து இடது பக்கம் போய்ச் சந்தனக் கலரைச் செருகினார்.

"மாமா, கடைக்குத் திருப்பிக் குடுக்க வேண்டியது மாமா."

"நான் பேசிக்கிறேன். ஏறி எடுங்க."

ஏறி எடுத்தேன். இரண்டு டைல்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்த சத்தம் இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்டது. வண்டி ஒரு சாண் முன்னேறி நின்றது.

அந்தச் சத்தத்துக்கோ என்னவோ, வலையைக் கழியில் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு போன மீனவர்கள் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். வலையை இறக்கிவைத்துவிட்டு டயரைப் பார்த்தார்கள். "இப்பத்தான் சரியா எறக்கியிருக்கீங்க. தோச மாதிரி கெடக்கணும்" என்று மூத்தவர் என்னைப் பாராட்டினார். நான் மாமாவைப் பார்க்கவில்லை. மூன்று பேர் தள்ள, நான் எடுக்க, ஜீப் முனகிக்கொண்டு மேலே ஏறியது. இறங்கி நன்றி சொன்னேன். அவர்கள் கேட்கவேண்டியதைக் கேட்டார்கள்.

"எந்த ஊருங்க?"

மாமா கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். "எனக்குக் கீரமங்கலம்" என்றார். என் பக்கம் பார்த்தார். காலையிலிருந்து ஏழு வீட்டில் சொன்ன வாக்கியத்துக்காக என் தோள் தானாகவே கொஞ்சம் தாழ்ந்தது. கை வரவில்லை.

"மாப்ளைக்கு ஆஸ்திரேலியா."

"ஓகோ" என்றார் மீனவர். "நம்மாளு மாதிரியே இருக்காரு."

கோடிக்குப் போனோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் போகாமல் இருக்க முடியாது. டயர் தோசையாகக் கிடந்ததால் ஜீப் இப்போது நான் சொன்னபடியே மிதந்து போனது. அதைச் சொல்லிக்காட்டும் நிலையில் நான் இல்லை. மணல் ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் ஒரு நாக்கு அளவுக்கு ஆகி, இரண்டு பக்கத் தண்ணீரும் சேரும் இடத்தில் முடிந்தது. மாமா செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுக் கணுக்கால் அளவுத் தண்ணீரில் போய் நின்றார். ஆஸ்திரேலியக் கலங்கரை விளக்கத்தின் அடியில் நாங்கள் நின்றபோது, அலை பாறையில் மோதி மேலே தெறித்தது. மலர் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. இங்கே மாமா ஒன்றும் சொல்லவில்லை, அது தெளிவாகக் கேட்டது. பிறகு, "இவ்வளவுதானா" என்றார். கோடியைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

மணமேல்குடிப் பஞ்சர் கடையில் நிறுத்தி மறுபடி காற்று அடித்தேன். "இப்பத்தானே அடிச்சுட்டுப் போனீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். மாமாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டோம். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, அறந்தாங்கி போகிற டவுன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"இங்கன நிறுத்துங்க மாப்ள. நான் பஸ்ஸுல வாரேன்."

"ஏன் மாமா? வண்டி இருக்கே."

"பழக்கம்" என்றார். துணிப்பை காலியாகக் கிடந்தது. அதையும் மறக்காமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். டிரைவர் அவரைப் பார்த்துச் சத்தம்போட்டுக் கும்பிட்டார். மாமா முன்னால் உட்காரவில்லை. பின்னால் போய், கடைசிக்கு முந்தைய வரிசையில், வலது ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

பஸ் கிளம்பியது. நான் பின்னால் போனேன். மலர் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்பா எங்க?"

"பஸ்ஸுல வாராரு. நான் பின்னாடி வாரேன்."

அழுகிறாளா என்று கேட்க வாயெடுத்தேன். டிரைவர் மகள் அல்லவா, வேறொன்றைச் சொன்னாள். "முந்திக்கிட்டு வந்துராதீங்க."

முந்தவில்லை. டவுன் பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்றது. நானும் நின்றேன். ஆட்டுக்குட்டியோடு ஒருவர் ஏறினார், நான் காத்திருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள், காத்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுக் கடந்து போயின. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்பை வைத்துக்கொண்டு ஒரு டவுன் பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டிருந்தேன். காலையில் நாங்கள் காப்பி குடித்த வீட்டு வாசலில் ஓர் அம்மாள் நின்றார். பஸ்ஸுக்குள் மாமாவையும் பின்னால் வண்டியில் என்னையும் மாறி மாறிப் பார்த்து, வாயில் கை வைத்துக்கொண்டார். வீடு போய்ச் சேர்வதற்குள் இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆவுடையார்கோயில் தாண்டி ரோடு நேராக நீண்ட இடத்தில், பஸ்ஸின் வலது ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. புது வேட்டிக்குப் பொருத்தமாகப் போட்ட வெள்ளைச் சட்டையின் கை. முதலில் அது விரலை விரித்து, பொறு என்று நின்றது. எதிரே ஒரு லாரி வந்து கடந்து போனது. அதன் பிறகு ஒரு மொபெட். அப்புறம் அந்தக் கை மெதுவாக முன்னும் பின்னும் அசைந்தது. முப்பது வருடம் பின்னால் வந்த எத்தனையோ முகம் தெரியாத வண்டிகளுக்கு அவர் காட்டிய சைகை அது. எதிரே ஒன்றும் வரவில்லை, நான் பார்த்துவிட்டேன், நீ போகலாம்.

வலது இண்டிகேட்டரைப் போட்டேன். அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது, அழுத்தவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் ஓர் அங்குலம் தூக்கினேன். அவர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார், அது தெரிந்திருக்காது. அவர் கை உள்ளே போகவில்லை. போ, போ என்று அசைந்துகொண்டே இருந்தது.

ரோடு காலியாகத்தான் இருந்தது.